கக்கிய எலியும் கலங்கிய மனசும்
வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்தால் பாதிக்கு மேல் பாம்பின் வயிற்றைப் பற்றியவை. நாய்க்கு உண்ணி, கிளிக்கு இறகு உதிர்வு என்று கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்கள் முறை அடுத்த இதழில். பாம்பு வளர்ப்பவர்களுக்குப் பக்கத்து வீட்டில் யோசனை கேட்க ஆள் கிடைப்பதில்லை. கேட்டாலும் "முதலில் அதைக் கொண்டுபோய் எங்காவது விடு" என்றுதான் பதில் வரும். அதனால் இந்தப் பக்கம் முழுக்க அவர்களுக்கே.

கேள்வி: மேடம், என் பால் பைத்தானுக்கு இரண்டு வயது. சனிக்கிழமை ராத்திரி ஒரு எலி கொடுத்தேன். திங்கள்கிழமை காலையில் பார்த்தால் எலி முழுசாக வெளியே கிடக்கிறது, முடி மட்டும் நனைந்து வழவழவென்று. பசியோடு இருக்குமே என்று அன்றைக்கே இன்னொரு எலி கொடுத்தேன். புதன்கிழமை அதையும் கக்கிவிட்டது. இப்போது என்ன செய்வது?
– கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, முதல் எலி விபத்து. இரண்டாவது எலி நீங்கள் செய்தது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தத் தப்பைப் பண்ணாத பாம்புக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. குழந்தை சாப்பிட்டதை வெளியே எடுத்தால் வாயைத் துடைத்துவிட்டு இன்னும் இரண்டு வாய் ஊட்டிப் பழகிய கை நம்முடையது. பாம்பிடம் அது செல்லாது.

ஏன் என்று சொல்கிறேன். பால் பைத்தானும் ஒரு சின்ன மலைப்பாம்புதான். பட்டினியாக இருக்கும் மலைப்பாம்பின் இரைப்பையில் அமிலம் அநேகமாக இருக்காது. இரை உள்ளே போன பிறகுதான் அமிலம் ஊறத் தொடங்கும். ஓரிரு நாளில் பிஎச் 7-லிருந்து 2 வரைக்கும் இறங்கும் (அந்த எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகிறது என்று அர்த்தம்). குடல் தடிக்கும், கல்லீரல் பெருக்கும். பர்மிய மலைப்பாம்புகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2005-ல் வெளியானது. இரை எடுத்த 48 மணி நேரத்துக்குள் இதயத் தசையே 40 சதவீதம் கூடியிருந்ததாம். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு உடம்பு முழுவதும் அடுப்பு மூட்டி உலை வைக்கிறது. அந்த உலை பாதியில் கவிழ்ந்ததுதான் நீங்கள் பார்த்தது. ஊறிய அமிலம் வெளியே போயிற்று, அது வந்த வழியில் உணவுக்குழாய் காந்திப்போயிற்று. அதன் மேல் உடனே இன்னொரு எலியை இறக்கினால் எப்படி நிற்கும்?

உங்கள் கடிதத்தில் எனக்கு உதவிய வரி, "முடி மட்டும் நனைந்து" என்பது. முப்பது மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருந்த எலி, முடிகூட உதிராமல் வந்திருக்கிறது. அங்கே சமையலே நடக்கவில்லை. பாதி கரைந்து, கூழாகி, நம்மை அறையைவிட்டு ஓடவைக்கும் நாற்றத்தோடு வந்திருந்தால் நோய்ப் பக்கம் யோசித்திருப்பேன். இப்போதைக்கு என் முதல் சந்தேகம் குளிர்.

பாம்புக்குத் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளத் தெரியாது. வெளியிலிருந்து வாங்கித்தான் சீரணிக்க வேண்டும். பால் பைத்தானுக்குக் கூண்டின் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. (நடுவில் ஒன்று: அதை 'பால்' பைத்தான் என்று எழுதுவதைப் பார்த்து அது பால் குடிக்கும் பாம்பா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். மிரண்டால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும், அந்த 'பால்'.) "என் கூண்டில் 32 இருக்கிறதே" என்பீர்கள். வெப்பமானி எங்கே ஒட்டியிருக்கிறது? கண்ணாடிச் சுவரின் மேல்பக்கம் என்றால் அது சுவரின் காய்ச்சலைக் காட்டுகிறது. பாம்பு படுப்பது தரையில். நீள ஒயர் வைத்த வெப்பமானியின் முனையை, பாம்பு சுருண்டு கிடக்கும் மறைவிடத்துக்குள்ளேயே தரையில் வையுங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு ஒருமுறை எழுந்து பாருங்கள். பகலில் சரியாக இருந்து, அந்த நேரத்தில் 24-க்கு இறங்கிய கூண்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஹீட் மேட் என்ற சூடேற்றும் விரிப்பு இருந்தால், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். அது இல்லாத மேட் ஒரு நாள் பாம்பின் வயிற்றையே சுட்டுவிடும்.

அடுத்து, எலி. ஃப்ரீசரிலிருந்து எடுத்ததா? மேலே இளகி நடுவில் கல்லாக இருக்கும் எலி, வயிற்றுக்குள் வைத்த ஐஸ் கட்டிதான். முதல் நாள் ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். மறுநாள் பிளாஸ்டிக் பையில் போட்டு வெந்நீரில் வைத்து, வயிற்றை விரலால் அமுக்கிப் பாருங்கள். கட்டியாக எதுவும் தட்டுப்படக் கூடாது. மைக்ரோவேவ் வேண்டாம், ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் உறைந்தே கிடக்கும். எலியின் பருமன் பாம்பின் உடம்பில் மிகப் பருத்த இடத்தைத் தாண்டக் கூடாது.

மூன்றாவது, கை. ஞாயிற்றுக்கிழமை பாம்பைத் தூக்கினீர்களா? பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். வயிறு நிறைந்த பாம்போ எல்லாவற்றையும் பார்த்து நடுங்கும். சுமையோடு ஓட முடியாது, அதனால் சுமையை இறக்கிவிட்டு ஓடப் பார்க்கும். இரை எடுத்த பிறகு குறைந்தது இரண்டு நாள் தொடக் கூடாது. பெரிய இரை என்றால் வயிற்றுப் புடைப்பு மறையும்வரை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் முதல் பாம்பு ஒரு கார்ன் ஸ்நேக், பெயர் சோளம். நான் மாணவியாக இருந்த காலம். அது எலி விழுங்கிய மறுநாள் தோழிகள் வந்தார்கள், பெருமையாகத் தூக்கி முழங்கையில் சுற்றிக்கொண்டேன். கழுத்து ஒருமாதிரி வளைந்தது, தொண்டையில் ஒரு முண்டு ஏறி வந்தது, அப்புறம் என் சட்டைக் கையில் ஊறிய எலி. மூன்று தடவை துவைத்தும் நாற்றம் போகவில்லை. அந்தச் சட்டையை நான் மறுபடி போடவே இல்லை. சோளத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மூன்று வாரம் அதைத் தொடாமல் இருந்தேன்.

சரி, உங்கள் பாம்புக்கு வருகிறேன். இன்றிலிருந்து 14 நாள் இரை கிடையாது. சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், கூண்டை ஒரு துணியால் பாதி மூடிவையுங்கள், கையை வைக்காதீர்கள். பதினைந்தாம் நாள், வழக்கத்தில் பாதி அளவு எலி ஒன்று. அது நின்றால் மறுபடி 10 முதல் 14 நாள் இடைவெளி விட்டு அதே சின்ன அளவு. நான்கு வேளையில் மெதுவாகப் பழைய அளவுக்கு வாருங்கள். இரண்டு முறை கக்கியாகிவிட்டதால், இந்தக் காத்திருப்புக்கு நடுவிலேயே எச்சத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். மூன்றாவது முறையும் வந்தால் அந்த எலியைத் தூக்கிப் போடாமல் மூடி போட்ட டப்பாவில் அடைத்து, பாம்போடு சேர்த்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பாம்பைவிட அந்த டப்பா அவருக்கு அதிகம் சொல்லும்.

கேள்வி: எச்சத்தோடு வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஒன்று வருகிறது. சிறுநீரகக் கல்லா?
– புதிதாக வளர்ப்பவர்

பதில்: அதுதான் சிறுநீர். பாம்புக்குச் சிறுநீர்ப்பை கிடையாது. தண்ணீரைச் சிக்கனம் பிடித்து, கழிவை யூரிக் அமிலமாகக் கெட்டியாக்கி, எச்சம் வரும் அதே துவாரம் வழியாகத் தள்ளிவிடும். வெள்ளை, வெளிர் மஞ்சள் இரண்டும் சரி. ஈரப் பசை மாதிரி இருந்தால் நல்லது. உடைத்தால் சடக்கென்று உடையும் அளவுக்குக் காய்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை. தொடர்ந்து பச்சையாக வந்தால் காட்டுங்கள், கல்லீரலைப் பார்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி: டாக்டரம்மா, மகன் வேலைக்கு வெளியூர் போய்விட்டான், அவன் பால் பைத்தான் என் தலையில் விழுந்தது. முதலில் பயமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. அவன் எழுதி வைத்தபடி இரை கொடுக்கிறேன், தண்ணீர் வைக்கிறேன். ஆனால் நான்கு தடவை சாப்பிட்டும் இரண்டு மாதமாக வெளியே போகவில்லை. வாயில் கொஞ்சம் எண்ணெய் விடலாமா?
– ஒரு தாய்

பதில்: வேண்டாம் அம்மா, எண்ணெய் மட்டும் வேண்டாம். பாம்புக்கு மூச்சுக்குழாயின் வாய் கீழ்த்தாடையில், முன்பக்கமாகவே இருக்கிறது. பெரிய இரையை விழுங்கும்போதும் மூச்சு விடுவதற்காக அப்படி ஓர் ஏற்பாடு. நீங்கள் விடும் எண்ணெய் வயிற்றுக்குப் போவதற்கு முன்னால் நுரையீரலுக்குள் போய்விடும். மலச்சிக்கலுக்கு வைத்தியம் பார்க்கப் போய் நிமோனியாவை வாங்கிக்கொண்ட பாம்பு ஒன்று என்னிடம் வந்திருக்கிறது.

முதலில் கொஞ்சம் ஆறுதல். எல்லாப் பாம்பும் ஒரே கணக்கில் போவதில்லை. ஓடியாடும் மெலிந்த பாம்பு இரை எடுத்த சில நாளிலேயே கழித்துவிடும். கார்ன் ஸ்நேக் அந்த வகை. பருத்து ஒரே இடத்தில் கிடக்கும் பாம்புகள் சேர்த்து வைக்கும். ஆப்பிரிக்காவின் கபூன் விரியன் மாதக்கணக்கில் உள்ளேயே வைத்திருக்கும். பால் பைத்தானுக்கு மூன்று நான்கு வாரம் சாதாரணம். நான்கு இரைக்குப் பிறகு இரண்டு மாதம் என்பது கொஞ்சம் நீளம்தான், ஆனால் இன்னும் அலற வேண்டிய கட்டம் இல்லை.

இனி இரை கொடுப்பதை நிறுத்துங்கள். வெளியே போகும்வரை உள்ளே எதுவும் வேண்டாம். மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுங்கள். 28 முதல் 30 டிகிரி சூட்டில் தண்ணீர். உங்கள் கைக்கு அது வெதுவெதுப்பாகக்கூடத் தெரியாது, வெப்பமானியை நம்புங்கள், கையை நம்பாதீர்கள். பாம்பின் உடம்பு பாதி நனையும் ஆழம் போதும், தலையைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சிரமப்படக் கூடாது. 20 நிமிடம், நீங்கள் பக்கத்திலேயே இருந்து. பிறகு எடுத்துத் துடைத்து, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு ஊர்ந்து போகவிடுங்கள். அந்த நடைதான் பாதி மருந்து. ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று தடவை. பெரும்பாலும் தண்ணீரிலேயே போய்விடும், நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எனக்கு எழுதுவீர்கள்.

போகவில்லை என்றால் வாலுக்குச் சற்று மேலே, துவாரத்துக்கு முன்னால் விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். கல் மாதிரி கட்டி தட்டுப்பட்டாலோ, பாம்பு வாலைத் தூக்கித் தூக்கி முக்கினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். அமுக்கித் தள்ளிவிடலாம் என்று முயற்சி செய்ய வேண்டாம், குடல் கிழியும். முக்கி முக்கிச் சிவப்பாகச் சதை வெளியே வந்துவிட்டால் அதைக் காயவிடாமல் ஈரத் துணியால் மூடி அந்த நேரமே கிளம்புங்கள்.

மகனுக்கு ஒரு வார்த்தை: தம்பி, எழுதி வைத்த தாளில் ஈரப்பதத்தை விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. 50 முதல் 60 சதவீதம் என்று சேர்த்து அம்மாவுக்கு அனுப்புங்கள். வறண்ட கூண்டில் வறண்ட குடல்தான் இருக்கும்.

கேள்வி: எலியில் ஒட்டியிருந்த மரச்சீவலையும் சேர்த்து என் போவா விழுங்கிவிட்டது. அறுவை சிகிச்சை வரை போகுமா?
– குடும்பத் தலைவி

பதில்: ஒன்றிரண்டு சீவல் வந்த வழி தெரியாமல் எச்சத்தோடு போய்விடும். காட்டில் யாரும் தட்டு வைத்துப் பரிமாறுவதில்லையே. வாய் நிறையப் போனால்தான் கவலை. அப்போது இரண்டு வாரத்துக்கு எச்சம் வருகிறதா, நடு உடம்பில் புடைப்பு நகர்கிறதா என்று பாருங்கள். இனிமேல் ஒரு தட்டின் மேல் இடுக்கியால் கொடுங்கள். தேவதாரு, பைன் மாதிரி வாசனை வீசும் மரத்தின் சீவலை மாற்றிவிடுங்கள், அந்த வாசனையே பாம்புக்கு ஆகாது.

துணி வேறு விஷயம். எலி வாசம் ஒட்டிய துணியைப் பாம்பு இரை என்றே நினைக்கும். 2020-ல் சிட்னியில் 18 வயது வளர்ப்பு மலைப்பாம்பு ஒன்று, 3 மீட்டர் நீளம், கடற்கரைக்குக் கொண்டுபோகும் பெரிய துண்டு ஒன்றை முழுசாக விழுங்கியது. மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாக எண்டோஸ்கோப்பை இறக்கி, நீண்ட இடுக்கியால் துண்டைப் பிடித்து இழுத்து எடுத்தார்கள். வயிற்றைத் திறக்கவே இல்லை. வீட்டுக்காரர் சீக்கிரம் கவனித்துக் கொண்டுபோனதால் தப்பித்தது. உங்கள் வீட்டில் அப்படி நடந்து, வாய்க்கு வெளியே ஒரு முனை தெரிந்தாலும் இழுக்காதீர்கள். பல் எல்லாம் உள்பக்கமாக வளைந்தவை, துணியோடு பல்லும் சதையும் வரும்.

கேள்வி: என் கிங் ஸ்நேக் மூன்று மாதமாக விட்டுவிட்டுக் கக்குகிறது. வெப்பம் சரி, எலி சின்னது, தொடுவதே இல்லை. நடு உடம்பில் ஒரு வீக்கம், இரை எடுக்காத நாளிலும் இருக்கிறது. கிரிப்டோ என்ற நோயாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். ஒரு பரிசோதனை செய்தோம், இல்லை என்று வந்தது. அதே அறையில் இன்னும் நான்கு பாம்புகள் இருக்கின்றன. நிம்மதி அடையலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: அடைய வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தப் பதில்.

கிரிப்டோ என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பணம் ஞாபகம் வரும், எங்களுக்கு இரைப்பை. கிரிப்டோஸ்போரிடியம் என்பது ஓரணு ஒட்டுண்ணி. பாம்பின் இரைப்பைச் சுவரில் குடியேறி, அந்தச் சுவரைத் தடிக்கவைத்து, உள்ளிடத்தைச் சுருக்கிவிடும். நீங்கள் பார்க்கும் வீக்கம் அந்தத் தடித்த சுவராக இருக்கலாம். பாம்பின் உடம்பை மூன்றாகப் பிரித்தால் நடுப்பங்கில்தான் இரைப்பை இருக்கிறது. இரைக்கு இடம் இல்லை, அதனால் திரும்பி வருகிறது.

இது தன் முட்டைகளை தினமும் வெளியே விடுவதில்லை. விடாத நாளில் எடுத்த மாதிரியில் ஒன்றும் தெரியாது. ஒரு "இல்லை"யை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. சில வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை பார்க்க வேண்டும். கக்கிய இரையின் மேல் படிந்த சளியோ, இரைப்பையைக் கழுவி எடுத்த நீரோ வெறும் எச்சத்தைவிட நல்ல மாதிரி. ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு வசதி இருந்தால் அதையும் கேளுங்கள்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், சோளம் இதில்தான் போயிற்று. ஒன்பது வருஷம் என்னோடு இருந்தது. யாரோ கைவிட்ட பாம்பு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று வாரம் தனியாக வைத்தேன். பளபளவென்று இருந்தது, இரை எடுத்தது, போதும் என்று சோளம் இருந்த அறைக்கே அதை மாற்றினேன். இடுக்கி ஒன்றுதான், இரண்டுக்கும் அதையே பயன்படுத்தினேன். எட்டு மாதம் கழித்து சோளம் கக்க ஆரம்பித்தது. முதல் பரிசோதனை இல்லை, இரண்டாவதும் இல்லை. மூன்றாவதை நானே மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். நீலப் பின்னணியில் சின்னச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள், கடுகைத் தூவின மாதிரி. மற்றவர்களுக்கு "90 நாளாவது தனியாக வையுங்கள்" என்று அதே வாரத்தில் இரண்டு பேரிடம் சொன்ன மருத்துவர் நான்.

நம்பி இறங்கக்கூடிய மருந்து இதற்கு இல்லை. பாரோமோமைசின் மாதிரி சிலவற்றால் கக்குவது குறையலாம், ஒட்டுண்ணி உள்ளேயே இருக்கும், மற்றவற்றுக்கும் போகும். அதனால் இன்றைக்கே செய்ய வேண்டியது நான்கு பாம்புகளுக்காக. சந்தேகப் பாம்பை வேறு அறைக்கு மாற்றுங்கள். அதற்குத் தனி இடுக்கி, தனித் தண்ணீர்க் கிண்ணம், தனி விரிப்பு. தினமும் அதைக் கடைசியாகக் கவனியுங்கள், அதைத் தொட்ட கையோடு மற்றவற்றிடம் போகாதீர்கள். அது தொடாமல் விட்ட இரையை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. பிளீச் போட்டுத் துடைத்தேன் என்று திருப்திப்படாதீர்கள், பிளீச் இதை ஒன்றும் செய்வதில்லை. கொதிநீரும் நீராவியும் கொல்லும். 5 சதவீத அம்மோனியா, நீண்ட நேரம் ஊறினால் கொல்லும், பாம்பை வெளியேற்றிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டியது. பிளீச்சும் அம்மோனியாவும் ஒன்றாகச் சேரவே கூடாது, அந்த வாயு உங்களையே சாய்த்துவிடும். மரப் பொருள்களை எரித்துவிடுங்கள்.

உறுதியானால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தின் அடியில் அந்தக் கேள்வி இருக்கிறது. இரை தங்கி, எடை நின்று, தனி அறையில் அமைதியாக இருக்குமானால் சில மாதம் வைத்துக்கொள்ளலாம். முதுகெலும்பு கூரை மாதிரி எழுந்து தெரிய ஆரம்பித்தால், வலியில்லாமல் போகவிடுவதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். நான் இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். அந்த இரண்டு வாரமும் எனக்காகத்தான், சோளத்துக்காக இல்லை.

கேள்வி: பாம்பின் எச்சம் தண்ணீராக, சளியும் ரத்தமும் கலந்து வருகிறது. வீட்டில் நாய்க்கு வாங்கிய பூச்சி மாத்திரை இருக்கிறது, கால்வாசி உடைத்துக் கொடுக்கலாமா? ஆமையும் வளர்க்கிறோம், இரண்டின் தண்ணீர்த் தொட்டியையும் ஒரே வாளியில்தான் கழுவுகிறோம்.
– தனியார் நிறுவன ஊழியர்

பதில்: இவருக்கு அன்றைக்கே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே.

ரத்தமும் சளியும் வந்தால் மாத்திரையைத் தேடாதீர்கள், வண்டியைத் தேடுங்கள். எண்டமீபா இன்வேடன்ஸ் என்று ஓர் அமீபா இருக்கிறது. ஆமையின் குடலில் சாதுவாகக் குடியிருக்கும், ஆமைக்கு ஒன்றும் ஆகாது. அதே அமீபா பாம்புக்குள் போனால் குடல் சுவரைத் தின்று கல்லீரல் வரை போய்விடும். அந்த ஒற்றை வாளிதான் என் சந்தேகம். இதற்கு மருந்து உண்டு, மெட்ரோனிடசோல். ஆனால் அளவு கூடினால் பாம்பின் நரம்பைத் தாக்கும், தலை ஒரு பக்கம் சாயும், உடம்பு முறுக்கும். கிராம் கணக்கில் எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், கண் அளவில் உடைப்பதெல்லாம் நடக்காது.

நாய் மாத்திரையும் அப்படித்தான். கொக்கிப்புழுவுக்கு ஒரு மருந்து, நாடாப்புழுவுக்கு வேறு, காக்சிடியா என்ற ஓரணு ஒட்டுண்ணிக்கு வேறு. எது இருக்கிறது என்று தெரியாமல் எதைக் கொடுப்பது? இன்னொன்று, ஐவர்மெக்டின் என்ற மருந்து ஆமையைக் கொன்றுவிடும். பாம்புக்கு என்று யாராவது அதை எழுதித் தந்தால், வீட்டில் ஆமை இருப்பதை முதலில் சொல்லுங்கள்.

மாதிரி எடுப்பது சுலபம். அன்றைய எச்சம், சுத்தமான மூடி டப்பா, காய்ந்துவிடாமல் சில மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். தாமதமானால் குளிரான இடத்தில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். கூண்டில் மரத்தூளை எடுத்துவிட்டு வெறும் காகிதம் விரித்தால் எச்சத்தின் நிறமும் தெரியும், அள்ளவும் வசதி.

கேள்வி: ஏழு வாரமாக என் ஆண் பால் பைத்தான் எலியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 1,450 கிராம் இருந்தது, இப்போது 1,390. வாயைத் திறந்து ஊட்டிவிடலாமா?
– ஆசிரியர்

பதில்: எடை பார்த்து எழுதியதற்கு நன்றி ஐயா, பாதிப் பேர் "இளைத்த மாதிரி இருக்கிறது" என்றுதான் எழுதுகிறார்கள். 60 கிராம் என்றால் 4 சதவீதம்தான். பால் பைத்தான் உண்ணாவிரதத்துக்குப் பேர்போனது, வளர்ந்த ஆண் மாதக்கணக்கில் இருக்கும். 10 சதவீதத்தைத் தாண்டினால் காட்டுங்கள். கண் பால் படிந்த மாதிரி நீலமாக இருக்கிறதா என்றும் பாருங்கள், சட்டை உரிக்கப்போகும் பாம்பு சாப்பிடாது. வாயைத் திறந்து ஊட்டினால் அடுத்த மாதம் கக்குவதைப் பற்றிக் கடிதம் எழுதுவீர்கள்.

கேள்வி: பாம்பின் தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவலாமா? வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது.
– இளம் தந்தை

பதில்: கூடாது. வயிறு நன்றாக இருக்கும் பாம்பின் எச்சத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். பாம்புக்கு அதனால் தொந்தரவு இல்லை, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு உண்டு. குளியலறைப் பக்கம் தனி வாளி வையுங்கள், தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். குழந்தை தூரத்திலிருந்து பார்க்கட்டும்.

கேள்வி: டாக்டர் ஆன்ட்டி, எங்கள் பாம்பு எலி சாப்பிட்டு முடித்ததும் பெரிசாகக் கொட்டாவி விடுகிறது. அதற்குத் தூக்கம் வருகிறதா, இல்லை கக்கப்போகிறதா? எனக்குப் பயமாக இருக்கிறது.
– ஏழாம் வகுப்பு மாணவி

பதில்: இரண்டும் இல்லை கண்ணு. அதன் கீழ்த்தாடை நம்முடையது மாதிரி ஒரே எலும்பாக ஒட்டியிருக்காது. இடமும் வலமும் தனித்தனி, நடுவில் ரப்பர் மாதிரி இழுபடும் நார். எலியை விழுங்கும்போது இரண்டு பக்கமும் மாறி மாறி நடந்து போகும். முடிந்ததும் எல்லாவற்றையும் பழைய இடத்தில் பொருத்திக்கொள்ள வாயை அகலத் திறந்து ஒரு பக்கம் கோணும், மறுபக்கம் கோணும். இரண்டு மூன்று தடவை செய்துவிட்டு மறைவிடத்துக்குள் போய்ச் சுருண்டுவிடும். சாப்பிடாத நாளிலும் அடிக்கடி வாயைத் திறந்து, ஓரத்தில் நுரையோ குமிழியோ தெரிந்தால் அப்பாவிடம் சொல்லி அழைத்து வா, அது மூச்சுக் கோளாறு. மற்றபடி அடுத்த தடவை கொட்டாவி விடும்போது கிட்டப் போகாமல் உட்கார்ந்து எண்ணிப் பார், எத்தனை தடவை என்று எனக்கு எழுது.